டாக்டர் பேசும் விதமும் மிஸ்ஸிகளின் மனநிறைவும்: வார்டில் இருப்பவர்கள் எழுதுங்கள்

வார்டு அக்கா, சுங்கை சிப்புட்

எங்கள் வார்டிலிருந்து இன்னொரு பெண் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறாள். கேட்பவர்கள் எல்லாரும் "சம்பளம்தானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் என்னிடம் சொன்னது வேறு. "அக்கா, ராத்திரி ஃபோனைக் கையில எடுக்கும்போது பயமா இருக்கு. நோயாளியை நினைச்சு இல்ல, அந்தப் பக்கம் யார் எடுக்கப் போறாங்கன்னு நினைச்சு."

எனக்கு வீடு சுங்கை சிப்புட்டில், வேலை வேறு ஊரில். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இங்கே நம் ஊர்க்காரப் பெண்கள் நிறையப் பேர் தாதியர் வேலையில், நோயாளிகள் கூப்பிடும் 'மிஸ்ஸி'யாக இருக்கிறீர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, நர்சிங் காலேஜுக்குப் போனவர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கத்துகிற டாக்டரைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். நான் பேச விரும்புவது இன்னொரு வகையைப் பற்றி. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். காலையில் ரவுண்டு வருவார், நோயாளியின் கோப்பில் எழுதுவார், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். மருந்து மாறியிருப்பது மத்தியானம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் நமக்குத் தெரியும். ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார் என்பது நோயாளி சாப்பிட்டு முடித்த பிறகு தெரியவரும். "அப்பாவை இன்னிக்கு வீட்டுக்கு விட்டுடுவாங்களா மிஸ்ஸி?" என்று மகள் வந்து கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. நாள் முழுக்கக் கட்டில் பக்கத்தில் நிற்பவள் நான். என்ன நோக்கத்தில் வைத்தியம் நடக்கிறது என்று தெரியாதவளும் நான்தான். என்னைக் கேட்டால், கத்துகிறவரைவிட இவரால்தான் வேலை கசந்து போகிறது. கத்துகிறவர் என்ன நினைக்கிறார் என்றாவது தெரிந்துவிடுகிறது.

உங்கள் வார்டில் எப்படி?


ஆன்கால் எம்.ஓ., பேராக்

அக்கா, நான் எம்.ஓ., அதாவது மருத்துவ அதிகாரி, டாக்டர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு ஃபோன் வரும். "டாக்டர், 14ஆம் கட்டில் பேஷண்ட் நல்லா இல்ல." நல்லா இல்லை என்றால் என்ன? ரத்த அழுத்தம் எவ்வளவு, மூச்சு எவ்வளவு, எப்போதிலிருந்து? கேட்டால் "இருங்க டாக்டர், பார்த்துட்டு வரேன்" என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் எமர்ஜென்சியில் இன்னொருவர் எனக்காகக் காத்திருப்பார். அப்போது என் குரல் மாறத்தான் செய்யும். அது சரி என்று சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

எஸ்பார் முறையில் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். இப்போது என்ன நிலைமை, நோயாளியின் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். இந்த நாலும் வரிசையாக வந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம் அது. கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு அதை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பொருத்தியது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நம் நாட்டிலும்தான்.


வார்டு அக்கா, சுங்கை சிப்புட்

தம்பி, நீங்கள் வந்து எழுதியதே சந்தோஷம். எஸ்பார் அட்டை எங்கள் ஃபோனுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. வெறும் "நல்லா இல்ல" என்று கூப்பிடுவது தவறு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், புதுப் பெண்களிடம் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த அட்டை கூப்பிடுகிறவளுக்கு மட்டும்தான் பாடம் நடத்துகிறது. பதில் சொல்கிறவருக்கு அட்டை எங்கே?

டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் மழைக்குப் பிறகு வார்டு நிறைய டெங்கிதான். காய்ச்சல் இறங்கியதும் குடும்பம் நிம்மதியாகிவிடும், "ஆறிடுச்சு மிஸ்ஸி" என்பார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கும் சமயத்தில் தொடங்கும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது. ரத்த அழுத்தம் 100/80 என்று வரும். தெரியாதவர் பார்த்தால் பயப்பட வேண்டாத எண் போல இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20தான் என்பதைக் கவனிக்கிறவளுக்குத்தான் அது அதிர்ச்சி நிலை என்று புரியும்.

இந்த மாதிரி நோயாளியிடம் ஒரு டாக்டர் வந்து "கன்டினியூ அப்சர்வேஷன்" என்று எழுதிவிட்டுப் போகிறார். இன்னொருவர் வந்து, "இவருக்கு இன்னிக்கு ராத்திரிதான் முக்கியம். இடைவெளி 25க்கு வந்தாலே எனக்குச் சொல்லுங்க, 20 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வயித்து வலின்னு சொன்னா எண்ணெல்லாம் நல்லா இருந்தாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதற்கு அரை நிமிடம்தான் ஆகும். முதல் டாக்டரின் நோயாளிக்கு நான் எண்களை எழுதுகிறேன். இரண்டாவது டாக்டரின் நோயாளியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ராத்திரி முடிந்து வீட்டுக்குப் போகும்போது, உடம்பு எவ்வளவு அசந்திருந்தாலும், நான் தாதி என்ற எண்ணத்தோடு போவேன்.

மனநிறைவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுவது இதுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் இனிமையாகப் பேச வேண்டும் என்று நாங்கள் யாரும் ஏங்கவில்லை.


டிரஸர் மகன், கோலக்கங்சார்

பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்றவன், மருத்துவம் படித்தவனில்லை. என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளர். அந்தக் காலத்தில் டாக்டர் தோட்டத்திலேயே இருக்க மாட்டார், குறிப்பிட்ட நாளில் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலானாலும் பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் அப்பாதான்.

வந்து போன டாக்டர்களில் ஒருவரை அப்பா கடைசி வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். அவர் வந்ததும் முதலில் நோயாளியைப் பார்க்க மாட்டாராம். அப்பாவை உட்காரச் சொல்லி, "இந்த வாரம் உங்களுக்குக் கவலையா இருக்கிற ஆள் யார்?" என்று கேட்பாராம். தோட்டத்தில் துரைக்கு முன்னால் கணக்கு எழுதும் கிராணிகூட நின்றுகொண்டுதான் பேசுவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு டாக்டர் டிரஸரை நாற்காலியில் உட்கார வைத்தது பெரிய விஷயம். அந்த டாக்டர் இருந்த காலத்தில் அப்பா வேறு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டதே இல்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


தாதியர் பயிற்றுநர், ஈப்போ

ஐயா சொன்ன கேள்வியை என் மாணவிகளுக்குக் காட்டப் போகிறேன்.

வார்டு அக்கா ஆராய்ச்சி பற்றிச் சொன்னதால் கொஞ்சம் எழுதுகிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிக்கும்போது நம் வார்டு கண்ணில் தெரியும்.

1967இல் லியோனார்ட் ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். தாதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் நேராகச் சொல்லக் கூடாது. டாக்டருக்கே தோன்றியது போல ஆகும்படி ஜாடையாகச் சொல்ல வேண்டும். டாக்டரும் ஆலோசனை கேட்பது தெரியாத மாதிரி கேட்க வேண்டும். இருவரும் ஆடும் இந்த விளையாட்டில் வெளிப்படையாக முரண்படவே கூடாது என்பதுதான் முதல் விதி என்றார். "டாக்டர், போன தடவை இவருக்கு அந்த மருந்து கொடுத்தாங்க, நல்லாக் கேட்டுச்சு" என்று நாம் சொல்வது இதே விளையாட்டுதான்.

அதற்கு முந்தின வருடம், 1966இல், ஹாஃப்லிங் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. முன்பின் அறியாத ஒருவர் டாக்டர் என்று சொல்லி வார்டுக்கு ஃபோன் செய்து, ஒரு மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். நாளுக்கு 10தான் உச்சம் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. 22 தாதிகளில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள், கட்டிலுக்குப் போகும் முன் தடுத்து நிறுத்தினார்கள். மருந்து என்று வைத்திருந்தது தீங்கில்லாத குளுக்கோஸ். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருந்தது.

வேலையை விட்டுப் போவது பற்றி என்றால், 1983இல் அங்கே ஒரு ஆய்வு வந்தது. தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்திலும் தாதிகள் விட்டுப் போகாத 41 மருத்துவமனைகளை எடுத்து, ஏன் என்று பார்த்தார்கள். டாக்டர்களோடு நல்ல உறவு இருந்ததும் அதில் வந்த காரணங்களில் ஒன்று. 2002இல் ரோசன்ஸ்டைன் என்பவர் தாதிகள், டாக்டர்கள், நிர்வாகிகள் என்று சுமார் 1,200 பேரிடம் கேட்டார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் டாக்டர்கள் மோசமாக நடந்துகொண்டதை நேரில் பார்த்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2015இல் இஸ்ரேலில் நடந்தது. பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைக் குழுக்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த 'நிபுணர்' ஒருவர் அவர்களை மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்களில் நோயைக் கண்டுபிடிப்பதும் கைவேலையும் இரண்டுமே சரிந்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், அவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதையும் உதவி கேட்பதையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் தாதிகள் இருவருமே. திட்டினால் சுறுசுறுப்பாக வேலை செய்வார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.


முன்னாள் ஹவுஸ்மேன்

எல்லாம் சரி, ஒரு பக்கம் மட்டும் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்த இரண்டு வருடத்தில் என்னை அதிகம் அழ வைத்தவர்களில் மூத்த தாதிகளும் இருந்தார்கள். பிரானுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடத் தெரியவில்லை என்று நோயாளி முன்னாலேயே கேலி. எம்.ஓ. என்னைத் திட்டுவார், நிபுணர் எம்.ஓ.வைத் திட்டுவார். 2016 கடைசியிலிருந்து எங்கள் ஆட்கள் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். 2021 ஜூலை 26இல் வெளிநடப்பு செய்ததை எல்லாரும் பார்த்தீர்கள். நிரந்தரம் கிடைக்குமா என்று தெரியாத ஒருவன் அதிகாலையில் பொறுமையாகப் பேச வேண்டும் என்றால் எங்கிருந்து வரும்?

2022இல் பினாங்கில் ஒரு ஹவுஸ்மேன் இறந்த பிறகு சுகாதார அமைச்சு பணிக்கலாச்சாரம் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அப்போதாவது இந்தப் பேச்சு வெளியே வந்தது.


வார்டு அக்கா, சுங்கை சிப்புட்

தம்பி, நீங்கள் சொல்வது நடக்கிறது. எங்கள் வார்டிலும் பார்த்திருக்கிறேன், நிறுத்தவும் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து வாங்கியதைக் கீழே கொடுப்பது எல்லாப் படியிலும் இருக்கிறது. எங்களுக்குக் கீழே பராமரிப்பு உதவியாளர்களான பி.பி.கே. அண்ணன்மார் இருக்கிறார்கள், அவர்கள் மேலும் அது விழுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2022இல் பேசிய பேச்சு பெரும்பாலும் இளம் டாக்டர்களைப் பற்றித்தான் இருந்தது. ஹவுஸ்மேன் அந்த வார்டில் சில மாதம் இருப்பார், பிறகு அடுத்த துறைக்குப் போய்விடுவார். அந்த வார்டிலேயே பல வருடம் நிற்பவள் தாதி. ஒரு நிபுணரின் பேச்சுக்குப் பயந்து பழகிய பழக்கம் அவர் மாற்றலாகிப் போன பிறகும் வார்டில் தங்கிவிடுகிறது. ராத்திரி யார் ஃபோன் செய்வது என்று எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் பார்ப்போம், கடைசியில் ஆக இளையவள் தலையில் விழும். அவளுக்கு நோயாளியைப் பற்றி முழுதாகத் தெரியாது, எம்.ஓ. கேட்கும் கேள்விக்குத் தடுமாறுவாள், அவர் கத்துவார். மேலே எழுதிய தம்பிக்கு ராத்திரி மூன்று மணிக்கு வந்த "நல்லா இல்ல" ஃபோன் இப்படித்தான் வந்திருக்கும். அப்புறம் "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், காலை டாக்டர் வந்துடுவார்" என்று தள்ளிப்போடுகிற வழக்கமும் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும்.


கிளினிக் டேசா தங்கச்சி

நான் கிராமத்துக் கிளினிக்கில் ஜே.எம்., அதாவது சமூகத் தாதி. எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டம்தான். வார்டு கதையைப் படிக்கும்போது நான் எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்று தோன்றுகிறது.

கர்ப்பிணிகளுக்கு எங்களிடம் நிறக் குறியீடு உண்டு. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ரத்த அழுத்தம் இவ்வளவுக்கு மேல், இந்த அறிகுறி இருந்தால் இந்த நிறம் என்று எழுதியே இருக்கிறது. அதனால் நான் ஃபோன் செய்யும்போது "எனக்கு என்னமோ பயமா இருக்கு டாக்டர்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "சிவப்பு கேஸ் டாக்டர், அனுப்புறேன்" என்றால் போதும். அந்தப் பக்கம் யார் இருந்தாலும் மறுக்க முடியாது. 1991இலிருந்து நம் நாட்டில் பிரசவத்தால் தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் யாரையும் தண்டிக்கும் நோக்கமில்லாமல் விசாரித்துப் பதிவு செய்கிறார்கள். எங்கே தாமதமானது, யார் யாருக்குச் சொல்லவில்லை என்பதெல்லாம் அதில் வெளியே வரும்.

எங்கள் குடும்ப மருத்துவ நிபுணர் ஒரு படி மேலே. நான் அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆனது என்று அவரே திருப்பிச் சொல்வார். நான் பயந்தது தவறாக இருந்தாலும், "ஒன்னும் இல்ல, ஆனா அனுப்பினது சரி" என்பார். அந்த ஒரு வரிக்காகவே நான் டவுனுக்கு மாற்றல் கேட்கவில்லை.


ஆன்கால் எம்.ஓ., பேராக்

தங்கச்சி சொன்னதைப் படித்த பிறகு யோசிக்கிறேன். "அனுப்பியது சரி" என்று நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. தேவையில்லாமல் கூப்பிட்டால் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அக்கா, ரவுண்டில் நான் யாரிடம் சொல்வது? நான் போகும்போது தாதிகள் எல்லாரும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோப்பில் எழுதாமல் வேறு என்ன செய்ய?


நோயாளியின் மகள்

நான் மருத்துவத் துறை இல்லை, ஆனால் எழுத வேண்டும் போல இருக்கிறது. அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல், காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மலாய் கொஞ்சம் பேசுவார், வலியை மலாயில் சொல்லத் தெரியாது. இதய வீக்கத்துக்காக வார்டில் இருந்தார். பெரிய டாக்டர் வந்து மலாயில் கேட்பார், அப்பா "ஓக்கே, ஓக்கே" என்பார், டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

சாயந்திரம் தமிழ் மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே ரத்த அழுத்தம் எடுத்தார். அவரிடம்தான் அப்பா சொன்னார், நீர் மாத்திரையைப் பல வாரமாக விட்டுவிட்டேன் என்று. கோயில் வேலைக்குப் போகும்போது அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதாம். வீட்டில் எங்களுக்கே தெரியாது. மறுநாள் காலை அந்த மிஸ்ஸி ரவுண்டில் டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார். அந்த மிஸ்ஸியின் முகத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதன் பிறகு அவர் எங்களிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. டாக்டர் அவரை நிறுத்தியதில் என் அப்பாவும் ஒரு வாயை இழந்தார் என்றே நான் நினைக்கிறேன். பிறகு வேறு ஒரு இளம் டாக்டரிடம் நானே சொன்னேன், அவர் கேட்டு மருந்து நேரத்தைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.


தாதியர் பயிற்றுநர், ஈப்போ

மகள் எழுதியது நம் பகுதியில் தினமும் நடப்பது. தமிழ் பேசும் தாதி மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்கிறாள். அது எந்த வேலைப் பட்டியலிலும் இல்லை. நோயாளியின் வரலாற்றில் பாதி அவளிடம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

2013இல் நம் சுகாதார அமைச்சு நோயாளிப் பாதுகாப்புக்கு 13 இலக்குகள் வைத்தது. ஆபத்தான பரிசோதனை முடிவு வந்தால் தாமதிக்காமல் சொல்வதும் அதில் இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் லேப் ஃபோன் செய்கிறது, வாங்கியவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறார். அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. நோயாளி தாதியிடம் சொன்னதற்கு அப்படி ஒரு வழி இல்லை. அது டாக்டரின் காதைப் பொறுத்தே இருக்கிறது.


வார்டு அக்கா, சுங்கை சிப்புட்

அம்மா, உங்கள் அப்பா நலமாக இருக்க வேண்டும். அந்த மிஸ்ஸி பேச்சைக் குறைத்துக்கொண்டது எனக்குப் புரிகிறது, அவருக்காக வருத்தப்படுகிறேன்.

எம்.ஓ. தம்பியின் கேள்விக்கு வருகிறேன், இங்கேதான் உண்மையான சிக்கல். ரவுண்டு வரும் நேரமும் காலை மருந்து நேரமும் ஒன்றாக இருக்கிறது. ஆள் குறைவு. நான் ரவுண்டில் நின்றால் மருந்து தாமதமாகும், மருந்துக்குப் போனால் ரவுண்டில் சொல்வது காதில் விழாது. டாக்டர் நல்லவராக இருந்தாலும் சொல்ல ஆள் நிற்கவில்லை என்றால் என்ன செய்வார்? ஆக, டாக்டர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்தால் அது நடக்காது. நேரத்தையும் மாற்ற வேண்டும்.

எங்கள் வார்டில் இப்போது ஒரு எம்.ஓ. தானாகவே ஒன்று செய்கிறார். ரவுண்டு முடிந்ததும் கவுண்டருக்கு வந்து, கவலைக்கிடமான நோயாளிகளைப் பற்றி மட்டும் பொறுப்புத் தாதியிடம் சொல்கிறார்: நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், எப்போது என்னைக் கூப்பிட வேண்டும். பிறகு "உங்களுக்கு யாரைப் பத்திக் கவலை?" என்று கேட்கிறார். டிரஸர் ஐயா எழுதிய அதே கேள்வி. அவர் ஆன்காலில் இருக்கும் ராத்திரி ஃபோனை யார் எடுப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. அந்த நோயாளியைப் பார்க்கிறவளே கூப்பிடுகிறாள். அவர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போனால் இது நின்றுவிடும் என்பதுதான் என் பயம். அதனால் இதை வார்டின் நடைமுறையாகவே எழுதி வைக்கச் சொல்லி வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டரிடம் கேட்கப் போகிறேன். அவருக்கு மேலே இருக்கும் மேட்ரன் கேட்கப்போகும் முதல் கேள்வி மருந்து நேரம்தான். உங்களில் யார் வார்டிலாவது ரவுண்டில் தாதி கட்டாயம் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறீர்களா? காலை மருந்தை எப்படிச் சமாளித்தீர்கள்?


சர்ஜிக்கல் ராஜி, தைப்பிங்

அக்கா, எங்கள் வார்டில் இருக்கிறது. வார்டை இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறோம். ரவுண்டு ஒரு பக்கம் நடக்கும்போது அந்தப் பக்கத் தாதி கூடவே நிற்பாள், மறுபக்கத் தாதி அந்த நேரத்தில் தன் மருந்தை முடித்துவிடுவாள். பிறகு மாறிக்கொள்வோம். ஆன்டிபயாடிக் ஊசி, இன்சுலின் இரண்டையும் ரவுண்டுக்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் கொடுத்துவிட வேண்டும், அதில் தாமதம் கூடாது. ரவுண்டு எந்தப் பக்கம் தொடங்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னால்தான் இது நடக்கும். முதல் சில வாரம் சொல்லாமல் வந்து குழப்பமானது. இப்போது காலையில் ஹவுஸ்மேன் வந்து சொல்லிவிடுவார். எங்கள் சிஸ்டர் எழுதிய ஒரு பக்கத் தாள் இருக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.